பெண் கேட்ட வீட்டுத் தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில், பூண்டு விளைவிக்கிற வீட்டில் நான் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன். இராமநாதபுரம் பக்கத்துத் தூரத்துச் சொந்தம் ஒன்று என்னைப் பெண் கேட்டது. எங்களில் முதலில் பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வரவேண்டும். அப்பா போனார்.

திரும்பி வந்தவருக்கு வாய் ஓயவில்லை. ஓட்டு வீடாம், ஆள் உயரக் குதிரில் நெல்லாம், பெண்கள் கழுத்திலும் காதிலும் தங்கமாம். தினமும் நெல்லுச்சோறு தின்கிறார்களாம்! பண்டிகைக்குத்தான் அந்தச் சோற்றைக் கண்டவள் நான். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இப்படியும் ஒரு சீமையா என்று வாயைப் பிளந்தேன்.

பிறகு அப்பாவின் குரல் இறங்கியது.

"வாசல்ல ஒரு குடம் தண்ணி இருந்துச்சு. கால் கழுவத்தான்னு மொத்தத்தையும் ஊத்திக்கிட்டேன். அது அவங்க குடிக்கிற தண்ணியாம்ல! ஊருணிக்கு அம்புட்டுத் தூரம் நடந்து எடுத்தாந்ததுன்னு பெறவுதான் பக்கத்து வீட்டுக்காரரு சொன்னாரு. மாப்பிள்ளையோட அம்மா சிரிச்ச மொகத்தோட குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு, உச்சி வெயில்ல மறுபடியும் நடந்துட்டாங்க."

மலையில் தண்ணீரை யார் அளந்து ஊற்றினார்கள்! சம்பந்தம் போயிற்று என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ நெல்லும் தங்கமும் மறந்தே போயின. அப்படிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த மனுஷி இருக்கிற வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று மனம் அடம்பிடித்தது.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்குள்கூட நுழையவில்லை. பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே ஓடுகிற ஓடையைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது யாருக்குப் போகுதுண்ணே?"

"யாருக்கும் இல்லைங்க. சும்மாதான் போகுது" என்றார் அப்பா.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து நான் தாண்டிக் குதித்த தண்ணீர்தான். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கே மேல் சிலிர்த்தது. எங்களையும் ஒருத்தர் பணக்காரர்களாகப் பார்ப்பார் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை.

"இம்புட்டுச் செல்வத்துல வளந்த புள்ளயக் கொண்டுபோயி, எங்க ஊரு வெயில்ல குடத்தோட அலைய விடவா? எனக்கு மனசு வரலண்ணே. வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. நான் திறந்தேன்.

"நான் நடப்பேன் அத்தை."

அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். அத்தை திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.