பெண்கள் பகுதிக்கு ஒரு பின்வாசல்

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கட்சி மாநாடு திண்டுக்கல்லில் நடந்தது. வடக்கேயிருந்தெல்லாம் தலைவர்கள் வருகிறார்கள் என்று மூன்று மாதமாக ஊரே பரபரப்பாக இருந்தது. நான் வீட்டில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பெண் தொண்டர்களுக்குத் தலைவியாக என்னைப் போட்டார்கள். வாய் நீளம் என்பதுதான் என் தகுதி.

மலைக்கோட்டைக்குக் கீழே மைதானத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் எழும்பியது. அதில் கால்வாசி பெண்களுக்கு. வரவேற்புக் குழுச் செயலாளர் ஒரு தோல் வியாபாரி. நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அவர் போட்ட திட்டப்படி பெண்கள் பகுதியைச் சுற்றி ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டி. வழி ஒன்றே ஒன்று, மேடைப் பக்கத்தில், இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாத அகலத்தில்.

"பின்னாடி ஒரு வாசல் வைங்கண்ணே" என்றேன்.

"பின்வாசலா? கண்ட பயலும் உள்ள வந்துருவான் டீச்சர். பொம்பளைகளுக்கு ஒண்ணுன்னா நாளைக்கு நான் ஊருல தலைகாட்ட முடியுமா?"

"வர்றவனை நான் பாத்துக்கிறேன். தீப்பிடிச்சா அம்புட்டுப் பேரும் எந்த வழியா வெளிய போறது?"

"நல்ல காரியம் நடக்கயில உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

நான் தீயைக் கண்டவள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தல் எரிந்தது. அங்கேயும் பெண்கள் உட்கார்ந்த பக்கம் தட்டி வைத்து அடைத்திருந்தார்கள். என்னை யாரோ இழுத்து வெளியே போட்டார்கள். என் தங்கையை யாரும் இழுக்கவில்லை. அவளுக்கு ஏழு வயது. இதைச் சொல்லிச் செயலாளரிடம் கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை. அவளைக் காட்டியா ஒரு வாசல் கேட்பது? "வாசல் இல்லேன்னா பொம்பளைக ஒருத்தியும் வரமாட்டா. காலித் தட்டியத் தலைவர்களுக்குக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெறும் மிரட்டல் இல்லை. சுற்று ஊர்களுக்கெல்லாம் நடையாய் நடந்து பெண்களைச் சேர்த்தவள் நான்தான்.

நான்காம் நாள் பந்தல்காரர் வந்து பின்தட்டியில் மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு அறுத்துவிட்டு, மேலே ஒரு குறுக்கு மூங்கிலும் கட்டினார். செயலாளர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

அதோடு சண்டை முடிந்தது என்று நினைத்தேன். மாநாட்டன்று காலையில் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து குவிந்தார்கள். பந்தலுக்குள் ஒரே புழுக்கம். காற்று வந்தது என் பின்வாசல் வழியாக மட்டும்தான். செத்த நேரம் தண்ணீர்ப்பானைப் பக்கம் போய்த் திரும்புகிறேன், வாசலின் குறுக்கு மூங்கிலில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள்!

"எல்லாத்தையும் அவுத்துருங்க" என்றேன். வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரி ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏன், எம்புள்ள காத்து வாங்குனா உங்க கட்சிக்கு ஆகாதோ?"

"இது வழி தாயி. அந்தா வெளிய புளியமரம் இருக்கு, அதுல கட்டு."

"புள்ளைய அங்க போட்டுட்டு நான் இங்க எவன் பேச்சக் கேக்குறதாம்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்காக விட முடியுமா? தொண்டர்கள் நாலு பேரை மரத்தடியில் காவலுக்கு நிறுத்திவிட்டு, முதல் தொட்டிலை நானே அவிழ்த்தேன். குழந்தை விழித்து வீறிட்டது. அவள் என் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினாள். ஏச்சை வாங்கிக்கொண்டே பதினொரு தொட்டிலையும் மரத்துக்கு மாற்றினேன். பிறகு அந்த வாசலை விட்டு நான் நகரவில்லை.

பிற்பகலில் பெரிய தலைவர் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்து நின்றது. மேடையை ஒட்டி, மின்கம்பி போன இடத்தில் கீற்று புகைந்தது. யாரோ "தீ! தீ!" என்று கத்தினார்கள். பெண்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். முன்வழி புகையின் பக்கம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தாய்மார்கள் திரும்பி என் பக்கம் ஓடிவந்தார்கள். பிள்ளைகள் வெளியே மரத்தில் அல்லவா இருக்கிறார்கள்! அவர்கள் வாசலைக் கடந்து மரத்துக்கு ஓட, மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தொட்டில்கள் வாசலிலேயே தொங்கியிருந்தால் ஒவ்வொருத்தியும் அங்கேயே நின்று பிள்ளையை எடுத்திருப்பாள், பின்னால் வந்த கூட்டம் அவள்மேல் ஏறியிருக்கும். இவ்வளவையும் யோசித்து நான் செய்யவில்லை. வழியை மறிக்கிறார்களே என்ற கோபத்தில்தான் செய்தேன்.

மேடைப் பக்கம் மணலையும் தண்ணீரையும் கொட்டி அணைத்துவிட்டார்கள். நாலைந்து கீற்றுகள் போனதோடு சரி. செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "உள்ள யாரும் இருக்காகளா டீச்சர்?"

"பாத்துட்டு வாரேன்."

அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தேன். செருப்புகள், தூக்குவாளிகள், ஒரு கட்டுச்சோற்று மூட்டை. நாலு மூலையிலும் குனிந்து பார்த்தேன். பயந்தால் சின்னப் பிள்ளைகள் மூலையில்தான் போய் ஒண்டும். யாரும் இல்லை. மறுபடியும் ஒரு முறை பார்த்தேன். ஒருத்திகூட இல்லை. அங்கேயே கோரைப்பாயில் உட்கார்ந்து, என் தங்கையின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன்.