சைக்கிளுக்கும் பரேடு

அப்பா பட்டாளத்திலிருந்து நிரந்தரமாக வீட்டுக்கு வந்தபோது, எங்கள் தெருவிலேயே வருத்தப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை பிஸ்கட்டோடு வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிற அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த அப்பா வேறு. விடிவதற்கு முன்பே விசில் ஊதுவார். நான் எழுந்து, போர்வையைத் தீப்பெட்டி மாதிரி மடித்துவைத்து, ஏரிக்கரை வரை ஓடித் திரும்ப வேண்டும். அப்போது எனக்கு ஒன்பது வயது. என் உடம்பு ஓடுவதற்காகப் படைக்கப்பட்டதில்லை என்பது இன்றைக்கும் என்னைப் பார்ப்பவர்களுக்கு உடனே விளங்கும்.

அப்பாவுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டபோது நானும் பக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். வெளியூரில் கிடைக்கட்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

உள்ளூரில் எதுவும் நிலைக்கவும் இல்லை. பனிமலையில் லாரி ஓட்டியவராயிற்றே என்று கள்ளக்குறிச்சியில் ஒரு கரும்பு லாரிக்காரர் சேர்த்துக்கொண்டார். லோடு ஜாஸ்தி, பாதியை இறக்கினால்தான் எடுப்பேன் என்று அப்பா சொல்ல, அவர்கள் அப்பாவை இறக்கிவிட்டார்கள். அப்புறம் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை. முதல் நாளே கொட்டகைக்காரரின் மச்சானை, டிக்கெட் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவைத்தார். இரண்டாவது ஆட்டம் தொடங்குமுன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை இருப்பதாகப் பட்டாளத்து நண்பர் ஒருவர் கடிதம் போட்டார். வெள்ளைப் பெயிண்டில் பேரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியை அம்மா மறுபடி துடைத்து, துணிகளை அடுக்கினாள். "இன்னும் எத்தினி வருசத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள். அப்பா பெட்டியின் பூட்டை நாலு தரம் பூட்டித் திறந்து பார்த்தார். பெங்களூர் பிஸ்கட் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். சனிக்கிழமையன்று, கல்வராயன் மலைக்குப் பஸ் விடுகிற முதலாளி ஒருவர் டிரைவர் தேடுகிறார் என்று தகவல் வந்தது. கடைசியாக அதையும் பார்த்துவிடலாம் என்று அப்பா சைக்கிளை எடுத்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

எடுத்தார் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு சுலபமில்லை. பட்டாளத்து லாரியைக் கிளப்புமுன் செய்த சோதனை அத்தனையும் அந்தச் சைக்கிளுக்கும் நடக்கும். ஒருமுறை சுற்றி வருவார். டயரை அழுத்துவார். பிரேக்கை நாலு தரம் பிடிப்பார். செயினில் எண்ணெய் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பால் வாங்கப் போவதென்றாலும் கால் மணி நேரம். "மாடே வத்திப்பூடும், கெளம்புங்க" என்பாள் அம்மா.

பஸ் முதலாளி ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சிரித்துப் பழக்கமில்லாத முகம். அப்பாவின் காகிதங்களைப் புரட்டினார்.

"மிலிட்டரி வண்டி வேற, மலை பஸ்ஸு வேறங்க. ஆடு, பலாப்பழம், மரவள்ளி மூட்டை எல்லாம் ஏறும். யோசிச்சி சொல்றன்."

அப்பா தலையாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க மூலையிலிருந்த பானைப் பக்கம் போனார். யோசிக்கிறவர் தவறாக யோசித்துவிட்டால் என் கதி ஏரிக்கரைதான். நான் முதலாளியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்கப்பாவ வெச்சா பஸ்ஸு நேரத்துக்குப் போவாதுங்க."

"ஏன்டா?"

"சைக்கிளு எடுக்கவே கால் மணி நேரங்க. சுத்திச் சுத்தி வருவாரு. பிரேக்கப் புடிச்சிப் புடிச்சிப் பாத்துக்கினே இருப்பாரு. லோடு ஜாஸ்தியானா வண்டியே எடுக்க மாட்டாரு. கரும்பு லாரில அதுக்குத்தான் தொரத்திட்டாங்க."

"தெனமுமா?"

"பாலு வாங்கப் போனாக்கூடங்க."

முதலாளி திரும்பி, ஷெட்டுக்குப் பின்னால் முகம் நசுங்கிக் கிடந்த பஸ்ஸைப் பார்த்தார். பிரேக்கைச் சோதிக்காமல் மலையிறங்கிய பழைய டிரைவர் அதை ஒரு புளியமரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

"மிலிட்டரி, இங்க வாங்க" என்றார். "நாளையிலேர்ந்து விடிகாலை டிரிப்ப நீங்க எடுங்க. கொஞ்சம் லேட்டானாலும் பரவால்ல, எல்லாத்தையும் பாத்துட்டே எடுங்க."

எனக்கு வாய் வறண்டுவிட்டது. நானும் பானைப் பக்கம் போனேன்.

திரும்பும்போது அப்பா சைக்கிளைச் சுற்றி வரவே இல்லை. ஏறி மிதித்தார். எனக்குத் தெரிந்து அந்த ஒருநாள்தான். பாதி வழியில் பின் டயர் தரையோடு ஒட்டிக்கொண்டது, கருவேல முள். மீதித் தூரம் முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

"அவராண்ட இன்னாடா சொன்ன?"

"ஒன்னும் இல்லப்பா."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மா உள்ளே போனாள். பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அந்த வெள்ளை நம்பரைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். நடுநடுவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மண்ணெண்ணெய் நெடி அப்படித்தான் கண்ணைக் கரிக்கும் என்று எண்ணி, நான் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். விடிகாலை டிரிப் என்றால் விசிலும் இனி ஒரு மணி நேரம் முன்னால் ஊதும் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே உட்கார்ந்து நானும் கொஞ்சம் அழுதேன்.