பிரேமுக்குள் பாதி வசனம்

இன்று காலை ராஜபாளையத்தில் என் பிரேம் கடையில் ரத்தம் சிந்திவிட்டது.

சேத்தூர் அண்ணாச்சி ஒருவர் மகளோடு வந்தார். மகள் கையில் மாவுக்கட்டு. கல்யாணப் பரிசுக்கென்று பல வருடமாக நான் விற்கும் பைபிள் வசன பிரேமைக் கேட்டார். நாம் பிரிந்திருக்கையில் கர்த்தர் நம் நடுவே நின்று கண்காணிப்பார் என்று வருமே, அதுதான். ஓரத்தில் ரோஜா, இரண்டு புறா.

"பாதிதான் போட்டிருக்கிய தம்பி. முழுசாப் போட்டுக் குடுங்க. மருமவன் வீட்டுல மாட்டணும்" என்றார்.

வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். அது காதல் வசனமே இல்லை. மீதிப் பாதியில், நான் பக்கத்தில் இல்லையென்று என் மகள்களைக் கொடுமைப்படுத்தினால் கடவுள் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒரு மாமனார் மருமகனை மிரட்டுகிறார்!

அந்த நேரம் பார்த்து அந்த மருமகனே பைக்கில் வந்து இறங்கினான்.

"ஏட்டி, எம்புட்டு நேரமாத் தேடுதேன்? வீட்டுக்கு வா."

கட்டுப் போட்ட கையையே பிடித்து இழுத்தான். அவள் அலறினாள். அண்ணாச்சி புறா பிரேமைத் தூக்கி அவன் தலையில் இறக்கினார். கண்ணாடி நெற்றியைக் கிழித்தது. ரோஜாவின் மேல் ரத்தம் சொட்டியது.

"நான் வரல. பிரேம் மட்டும் வரும். முழுசா வாசிங்க" என்றாள் அவள்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் என் கடை பிரேம் எத்தனை ஹாலில் தொங்குகிறதோ! முழு வசனத்தையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்: கழற்றப் போகிறீர்களா, இன்னொரு ஆணி சேர்த்து அடிக்கப் போகிறீர்களா?