கிணற்றிலிருந்து வந்த சாவிக்கொத்து

பழைய இரும்பில் சிலை செய்கிறவனுக்கு, வாங்க வருகிற ஆளைவிட வந்து சேருகிற சாமானால்தான் தொல்லை அதிகம்; குப்பையில் கைவிட்டுப் பிழைக்கும் என் கூட்டாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாய்ந்த தலை

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லையை எங்கே போடுவது என்று இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருந்த சமயம். ரேணிகுண்டா ஸ்டேஷன் பக்கத்தில் என் பட்டறை. நகரிக்கு அப்பால் ஒரு பாழுங்கிணற்றில் தூர் வாரப் போய்ப் பாதியில் விட்டவர்கள், துருப்பிடித்த வாளி, கப்பி, சங்கிலி, ஒரு சாவிக்கொத்து எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். அவற்றை வைத்து, உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தியைச் செய்தேன். வாளி முகம், சங்கிலி கை, இடுப்பில் அந்தச் சாவிக்கொத்து.

தலையை நேராகப் பற்றவைத்தால், சூடு ஆறுவதற்குள் இடப்பக்கம் சாய்ந்துவிடும். மூன்று தடவை வெட்டி ஒட்டினேன். பக்கத்து வெல்டிங்காரர் முனுசாமி சொன்னார்: "உடுப்பா, அது யாரோ பேசறத காது குடுத்துக் கேட்டுக்கினு கீது."

ஈரம்

புத்தூர் ஓட்டல் முதலாளி ஒருவர் வாசலில் வைக்க வாங்கிப் போனார். பத்தே நாளில் வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். தினமும் காலையில் சிலைக்கடியில் தண்ணீர் தேங்குகிறதாம். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். உள்ளே ஜில்லென்று பாசி வழுக்கியது. "மழயும் இல்ல, கூரையில ஓட்டயும் இல்ல. தொடைக்கத் தொடைக்க வருது, பொம்பள அழுவற மாதிரி" என்றார் அவர்.

குப்பம்மா

ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பட்டறை வாசலில் நின்றுவிட்டாள். பெயர் குப்பம்மா, நகரிப் பக்கத்துக் கிராமம். ரயில் வந்தது, போயிற்று, அவள் நகரவில்லை. சாவிகளை ஒவ்வொன்றாகத் தடவி, "இது பொட்டி, இது நெல்லு ரூமு" என்றாள்.

அவளுடைய அக்கா ராஜம்மா ஆறு வருஷத்துக்கு முன் காணாமல் போனவள். யாருடனோ திருத்தணிப் பக்கம் ஓடிவிட்டதாகப் புருஷன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து பெற்ற தாயே அவள் பெயரை எடுப்பதில்லை. "அக்காவுக்கு ஒரு காது கேக்காது. இப்படித்தான் தலய சாய்ச்சுக்கினு கேப்பா" என்றாள் குப்பம்மா.

சாமான் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவள் சாவிக்கொத்தைப் பிடித்தபடியே கேட்டாள்: "அப்போ அவ ஓடிப் போவலயாண்ணா?"

எந்த ராஜ்யம்?

புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். கிணறு இருப்பதோ தகராறான நிலத்தில். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே போனால் இங்கே. கடைசியில் ஒரு குமாஸ்தா நோட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "கிணறு ஏ ராஷ்ட்ரமோ தேலட்டும்மா, அப்புறம் பாக்கலாம்." எந்த ராஜ்யம் என்று முதலில் முடிவாகட்டுமாம்.

வீடு

குப்பம்மா அதற்குக் காத்திருக்கவில்லை. நாலு ஆட்களை அழைத்துக்கொண்டு போய்த் தானே கிணற்றைத் தோண்டவைத்தாள். சேற்றுக்கடியில் எலும்புகளும் ஒரு மெட்டியும் கிடைத்தன. கால் தவறியதா, தள்ளிவிட்டதா தெரியாது. ஆனால் சேதி பரவிய அன்றே புருஷன்காரன் ஊரைவிட்டுப் போய்விட்டான். தாய்க்காரி மகள் பெயரைச் சொல்லித் தெருவே கேட்க அழுதாள்.

சிலையை உடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். குப்பம்மா அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒடைக்காதீங்கண்ணா. பேர் கெட்டு ஆறு வருசம் கிணத்துல ஒக்காந்துக்கினு இருந்தா. இனிமே வூட்ல ஒக்காரட்டும்."

அன்றிலிருந்து எந்தப் பழைய சாமானையும் தட்டிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை, தட்டினால் உள்ளேயிருந்து யாராவது "யாரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்று தட்டுவதுமில்லை, ஆகவே தொழில் சற்று மந்தம்தான்.