அனுமதி கேட்கத் தேவையில்லாத படங்கள்

சண்டையில் இடம்பெயர்ந்து மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பலரிடம் எழுத ஒரு கொப்பிகூட இருக்கவில்லை. நான் அப்போது சாம்பல்தீவில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மனித உடலைப் படம் இல்லாமல் விளங்கப்படுத்த முடியவில்லை. அவர்களுக்கென்று சின்னதாக ஒரு படப்புத்தகம் செய்ய முடிவெடுத்தேன்.

நகரத்திலிருந்த ஒரு தொண்டு நிறுவனம் அதை அச்சடித்துத் தர ஒத்துக்கொண்டது. இதயம், நுரையீரல், காது என்று வெளிநாட்டுப் பாடநூல் ஒன்றிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி, தமிழில் பெயர் எழுதிக் கொண்டுபோனேன். அங்கே பொறுப்பாக இருந்த பெண் பக்கங்களைப் புரட்டினார். இந்தப் படங்களுக்கு உரிமைக்காரர் இருக்கிறார்கள், அவர்களுடைய கடிதம் இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டோம், மாத முடிவுதான் கடைசி நாள் என்றார். பதிப்பகத்துக்கு எழுதினேன். பதிலே இல்லை.

எங்கள் சித்திர ஆசிரியர் கிண்ணியாக்காரர். படங்களைக் கீறித் தரச் சொல்லி அவரிடம் கேட்டேன். இரண்டு நாள் முயன்றுவிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தார்.

"ரீச்சர், நான் தோணி கீறுவன், பூ கீறுவன். இதயத்தைப் பிழையாக் கீறினா பிள்ளையளும் பிழையாத்தான் படிக்கும்."

உரிமைக் காலம் முடிந்த பழைய படங்களை எவரும் எடுக்கலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதாகவும், இணையத்தில் தேடிப் பார்க்கும்படியும் அவர்தான் சொன்னார். படம் பழசாக இருந்தால் பிள்ளைகளுக்கு உதவுமா என்று கேட்டேன். நூறு வருசத்தில் மனிசருடைய இதயம் மாறியிருக்காது என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து இணையக் கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக இறங்கியது. நடுவில் மின்சாரம் போய் வந்தது. கடைசியில் வெளிநாட்டு நூலகம் ஒன்றின் பக்கத்தில் பழைய மருத்துவ நூல்களின் படங்கள் கிடைத்தன. இரத்தக் குழாய்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரியும்படி அவ்வளவு நுணுக்கமாகக் கீறியிருந்தார்கள். இவற்றுக்கு உரிமை எதுவும் இல்லை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது.

என்னால் அதை நம்ப முடியவில்லை. கடலுக்குப் போகப் படையினரிடம் பாஸ், சீமெந்து கொண்டுவரக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டியிருந்த காலம். நானொரு ஆசிரியை, தயவுசெய்து அனுமதி தாருங்கள் என்று அந்த நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அதே கடைக்குப் போனபோது பதில் வந்திருந்தது. நீங்கள் அனுமதி கேட்கத் தேவையில்லை, அதை நாங்கள் கொடுக்கவும் முடியாது, இந்தப் படங்கள் எல்லாருக்கும் சொந்தம் என்று யாரோ ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு வாழ்த்தும் சொல்லியிருந்தார். கதிரையிலிருந்தபடியே சிரித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு அன்புவழிபுரத்திலிருந்த வீட்டுக்குத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்தார்கள். முதலில் வெளியே வந்தது எலும்புக்கூட்டுப் படம். சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். தெரிந்த இரண்டொரு சிங்களச் சொற்களில், பள்ளிக்கூடம், ஆசிரியை என்றேன். வந்தவர் அடுத்த தாளைப் புரட்டினார். அது காது. கொஞ்ச நேரம் பார்த்தார், தன் காதை ஒருதரம் தொட்டார். பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கிப் பைக்குள் வைத்து, போகும்படி கையைக் காட்டினார். குறுகலான அந்த ஒழுங்கை முடியும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவே தமிழில் பெயர்களை எழுதி, அடுத்த நாள் தொண்டு நிறுவனப் பொறுப்பாளரிடம் படங்களையும் மின்னஞ்சலின் அச்சுப் பிரதியையும் கொடுத்தேன். இரண்டுதரம் வாசித்தார்.

"கடிதம் தேவையில்லை எண்டு ஒரு கடிதம். இது காணும், ரீச்சர்," என்று சொல்லி அச்சுக்கு எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து கடற்கரை மதிலில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்தேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

புத்தகங்கள் வந்ததும் முதல் பிரதியைச் சித்திர ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் புரட்டும்போதுதான் கண்டேன், ஐந்தாம் பக்கத்தில் இடது நுரையீரலுக்கு வலது என்றும், வலதுக்கு இடது என்றும் அச்சாகியிருந்தது. பெயர் எழுதியது நான்தான். வகுப்பில் பிள்ளைகளிடம் என் பிழையைச் சொல்லி, பேனையால் திருத்தச் சொன்னேன். ஆளுக்கொரு புத்தகத்தோடு குனிந்திருந்து, ரீச்சரின் பிழையை வெட்டி எழுதுவதில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோசம்.