அடித்த பெயரின் கீழே

ஒரு சொல்லை அடித்ததும் சிவப்புப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு பொறுப்பார் அக்கா. பிறகுதான் அடுத்த வரி. எங்கள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவர் வேலை. எதிரே உட்கார்ந்து தாள் மடிப்பது என் வேலை. அந்த ஒரு மூச்சை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவருகிறேன்.

சில சமயம் மூச்சு நீளும். அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'ஸ்டெட்' என்று எழுதுவார். அப்படி எழுதினால் அடித்தது அடித்ததல்ல. சொல் பழையபடி அச்சாகும்.

"அக்கா யாரோடயும் முழுசா சண்டை போடமாட்டாங்கப்பா!" என்பார் மெஷின்காரர்.

எனக்குப் படிப்பு பாதியில் நின்றது. ஒருநாள் கூச்சத்தை விட்டு, "'ஸ்டெட்'னா என்னக்கா?" என்றேன்.

"லத்தீன் பாஷைடி. 'அது நிக்கட்டும்'னு அர்த்தம். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல படிச்சவங்க அதுலதான் எழுதுவாங்க. அச்சடிச்சவங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு அந்தப் பாஷைய வீட்ல பேச ஆளில்ல. சொல்லு மட்டும் நின்னுடுச்சு பாரு."

அக்காவின் கணவர், மகள் நடக்கப் பழகிய வருஷம் வீட்டைவிட்டுப் போனவர். எங்கே என்று இன்றுவரை தெரியாது. அக்கா அதைப் பேசியதில்லை. நாங்கள் கேட்டதில்லை.

போன மாதம் அந்த மகளின் கல்யாணப் பத்திரிகை எங்களிடமே அச்சுக்கு வந்தது. மெய்ப்பைப் பார்க்க அக்காவின் அண்ணன் வந்தார். தகப்பன் இடத்தில் நின்று அந்தப் பெண்ணைப் படிக்கவைத்தவர். மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, தந்தையின் பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"ஓடிப்போனவன் பேரு எதுக்கு? அது இருந்தா கல்யாணத்துல என் கை நனையாது, சொல்லிட்டேன்."

அக்கா நிமிரவில்லை.

"நீங்க இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிண்ணே. ஆனா அவரு விட்டுட்டுப் போனது என்னை. என் கோபத்துக்காக பொண்ணுக்கு அப்பாவே இல்லன்னு அச்சடிக்க முடியுமா?"

பேனாவை வாங்கினார். ஒரு மூச்சு பொறுத்தார். பெயரின் கீழே ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். கடைசிப் புள்ளி மட்டும் வரிசை விலகி விழுந்தது.

கல்யாணம் முடிந்துவிட்டது. அண்ணன் வந்தார், சாப்பிடாமல் போனார், இன்னும் பேசுவதில்லை. மீந்த பத்திரிகை ஒன்று, உறைமேல் கணவர் பெயர் மட்டும் எழுதி, முகவரி இல்லாமல், அக்காவின் மேசையில் பசை டப்பாவில் சாய்ந்து நிற்கிறது.