நிக்கல் நல்லதா, கெட்டதா?

போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூல் ஹால். மேடையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த என் மனைவி மாலதி சட்டென்று நிறுத்தினாள். கையிலிருந்த பேப்பரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பேப்பரில் கை வைத்தவன் நான்தான்.

மாலதிக்கு அணு உலைகளுக்கான உலோகங்களை ஆராய்கிற வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்வதை நான் தலையாட்டிக் கேட்டு வருகிறேன். புரிந்ததா? வேறு ஏதாவது கேளுங்கள். மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் அவளுடைய அக்கா கோமதி என்னைவிட மோசம். தங்கை இரும்புக் கம்பெனியில் ஏதோ டெஸ்ட் செய்கிறாள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். மாலதிக்கு அதில் உள்ளூர வருத்தம். முதல்முறையாகத் தமிழில், பொதுமக்கள் முன்னால் பேச வாய்ப்பு வந்ததும் அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டாள். அக்காவுக்குத் தன் வேலை புரிய வேண்டும்... அவ்வளவுதான் ஆசை.

எளிமையாக எழுதுகிறவர் என்று என்னை நம்பி, பேச்சைத் திருத்தக் கொடுத்தாள்.

முதல் பக்கம் படு தெளிவு. உலைக்குள் நியூட்ரான்கள் பாய்ந்து வந்து, உலோகத்தின் அணுக்களை இடித்து இடம் மாற்றிவிடும். காலியான இடங்கள் ஒன்றுசேர்ந்து நுண்ணிய ஓட்டைகளாகும். உலோகம் உப்பிவிடும். ஒரு வகை எஃகில் நிக்கலைக் கொஞ்சம் கூட்டினால் இந்த உப்பல் குறையும். சரி, நிக்கல் நல்ல பிள்ளை.

இரண்டாம் பக்கம்? உலையின் பெரிய கலத்துக்கான வேறு வகை எஃகு. அதில் இதே நிக்கல் செம்போடு கூட்டுச் சேர்ந்தால், கதிர்வீச்சில் அணுக்கள் அங்கங்கே திரண்டு, எஃகு வளைந்து கொடுக்கும் குணத்தை இழந்துவிடுமாம். அப்புறம் விரிசல் பயம்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். நிக்கல் நல்லதா, கெட்டதா என்று கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "ரெண்டும்தான்" என்றாள்.

இது ஒரு பதிலா? வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு கட்டுரைக்கு ஒரு கருத்துதான். வாசகர் குழம்பினால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். பழக்கதோஷம் — இரண்டாம் பக்கத்தை அப்படியே வெட்டினேன். 'ஆகவே நிக்கல் சேர்ப்போம், உலோகம் காப்போம்' என்று கடைசியில் ஒரு வரியும் வைத்தேன். எனக்கே பிடித்திருந்தது. லேபில் வேலை அதிகம், அவள் மறுபடி படித்துப் பார்க்கவில்லை.

அந்தக் கடைசி வரிக்கு வந்தபோதுதான் மேடையில் நின்றுவிட்டாள்.

"இதுல பாதி விட்டுப்போச்சுங்க. இப்படியே முடிச்சா நான் சொன்னது பொய்யாயிடும்" என்றாள் மைக்கில்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மனதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எந்த எஃகு, கூட என்னென்ன இருக்கிறது, எவ்வளவு, எத்தனை சூடு... எல்லாம் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்ல முடியும் என்றாள். சில விஷயங்கள் தங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்றும் சொன்னாள். கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போலவே விழித்தார்கள். ஒருவர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

போச்சு, கோமதி அக்காவுக்கு என்ன புரிந்திருக்கும்?

பேச்சு முடிந்ததும் அக்கா நேராக மேடைக்கு வந்தார்.

"நிக்கல் நல்லதா கெட்டதான்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியலைடி" என்றார்.

மாலதியின் முகம் சுருங்கிவிட்டது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை குழப்பத்தையும் தலையில வெச்சுக்கிட்டா இவ்வளவு வருஷமா வீட்டுக்கும் லேபுக்கும் ஓடிக்கிட்டிருக்கே? நீ ஏதோ டெஸ்ட் பண்றேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேனே."

மாலதி அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. சந்தோஷமா, வெட்கமா என்று கேட்காதீர்கள். அதுவும் ரெண்டும்தான்.

திருச்சி கே.கே. நகர் வீட்டுக்குத் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து மாலதி என் தோளைத் தட்டினாள். இனிமேல் வெட்டுவதற்கு முன்னால் தன்னைக் கேட்கச் சொன்னாள். சரி என்றேன்.

வழக்கமாக இந்தப் பத்தியின் கடைசியில் ஒரு நீதி இருக்கும். இந்த வாரமும் எழுதியிருந்தேன்.

மாலதி வெட்டிவிட்டாள்.